கருநாக்கு வக்கீல்

சென்ற மாதம் ஒரு தம்பி போன் செய்தார். மைசூரில் இளம் வியாபாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். வளர்கிற தொழிலுக்கு எப்போது வக்கீல் வைத்துக்கொள்வது, எப்படிப்பட்டவரை வைத்துக்கொள்வது என்று ஞாயிற்றுக்கிழமை காலை நான் வந்து பேச வேண்டுமாம். ஒப்பந்தம் எழுதியே காலத்தை ஓட்டியவள், இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்றேன். போனை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். விழா குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குகிறதாம், எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்களாம். ஆகையால் சாவு, பிரிவினை, திவால் என்று எதுவும் வேண்டாம், பாசிட்டிவாக நாலு வார்த்தை பேசினால் போதுமாம்.

நோயைப் பற்றிப் பேசாமல் டாக்டரைப் பற்றிப் பேசு என்கிற மாதிரி இருந்தது. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. அந்த மேடைக்குப் பொருத்தமான வக்கீல்கள் மைசூரில் நிறையவே இருக்கிறார்கள். அங்கே பேச முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். என்னிடம் வேலை பழகிய ஜூனியர்களும் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர் வியாபாரி கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மிளகாய் மூட்டை வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பான், விதையைக் கடித்துப் பார்ப்பான், மூட்டையின் அடியில் கையை விட்டுத் துழாவுவான். வக்கீல் என்று வந்துவிட்டால் மட்டும் குரலைக் கேட்டு வாங்குவான். கோர்ட்டில் பேசினால் ரோட்டில் கேட்கிறதா என்பதுதான் அவனுக்குப் பரீட்சை. இல்லாவிட்டால் சித்தப்பா மகன் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருப்பான், அவனுக்கும் ஒரு பிழைப்பு வேண்டுமல்லவா என்று கொடுப்பான். இன்னும் சிலர் எதிர்த்தரப்பின் வக்கீலையே நம்பிவிடுவார்கள். நம்ம ஆளுதான், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், தனி பீஸ் வேறு எதற்கு என்பார்கள். இப்போது போனில் தட்டினால் அக்ரிமென்ட் அதுவாகவே வந்து விழுகிறது. அதில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கடைசியில் கொஞ்சம் பாருங்கள் மேடம் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. கொஞ்சம் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வக்கீலாக வந்த கதை பெரிய கதை இல்லை. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். மூன்றிலும் வாதாடுவேன் என்று என்னைச் சட்டம் படிக்க வைத்தார்கள். படித்து முடித்துக் கோர்ட்டுக்குப் போனால், பெண் வக்கீல் என்றால் விவாகரத்துக் கேஸ்தான் என்று ஆளுக்கொரு மூலையைக் காட்டினார்கள். ஒப்பந்த வேலை கற்றுத்தருகிறேன் என்று கூப்பிட்டவர் நரசிம்மன் சார் ஒருவர்தான்.

சாரின் முன்னோர் மேல்கோட்டை ஐயங்கார்கள். வீட்டில் அவர்கள் பேசுகிற தமிழ் எனக்குப் பாதி புரியாது. என்னோடு பேசும்போது எல்லாவற்றையும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். காபி வரும். காபி குடித்து முடிக்கும்வரை பைலைத் தொடமாட்டார். வந்தவர் கம்பெனியின் பெருமைகளை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, உங்களில் யார் முதலில் சாவீர்கள் என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்பார். அடுத்தது, யார் முதலில் கோபித்துக்கொண்டு போவீர்கள் என்பது. அதற்கு அப்புறம்தான், யார் யாரை ஏமாற்றுவீர்கள் என்பது. பதில் சொன்னவர்களை வைத்துக்கொள்வார். எழுந்து போனவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வருவார், அதில் மரியாதைக் குறைவு இருக்காது.

ஒப்பந்தத்தைக் கடைசியிலிருந்துதான் எழுதுவார். முறிவது, பிரிவது, சாவது, பாக்கி தீர்ப்பது எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் சேர்வதற்கு வருவார். ஒரு தடவை நான் முதல் பக்கத்தில் பரஸ்பர நம்பிக்கை, நீடித்த நட்பு என்று அழகாக எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். சார் பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

“இது கல்யாணப் பத்திரிகை இல்லேம்மா. சேர்றதுக்கு யாருக்கும் பேப்பர் வேண்டாம். பிரியறதுக்குத்தான் வேணும்.”

எழுதி முடித்ததும் என்னை எதிர் நாற்காலியில் உட்கார வைப்பார். இப்போது நீ எதிராளி, நம் கட்சிக்காரரை நாசமாக்க வேண்டும், படி என்பார். ஒவ்வொரு வரியாகப் படித்து, எங்கே ஓட்டை இருக்கிறது, எதைப் பிடித்து இவரைக் கவிழ்க்கலாம் என்று நான் தேடிச் சொல்ல வேண்டும். நான் கண்டுபிடித்தால் சாருக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க இதுதான். இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. கட்சிக்காரரின் கடையையோ பட்டறையையோ நேரில் போய்ப் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். அங்கே யார் வேலை செய்கிறார்கள், யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வா, ஆபீசுக்கு வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு பேரும் இல்லை என்பார்.

சார் காலமான பிறகு தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் என் ஆபீஸ். அங்கேதான் செல்வராஜும் அவர் தம்பி தங்கவேலுவும் வந்தார்கள். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின் போட்டு மசாலாப்பொடி அரைத்து விற்றுக்கொண்டிருந்தவர்கள், ருசி பிடித்துப்போய் வியாபாரம் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தது. பூங்கொடி மசாலா. பூங்கொடி என்பது செல்வராஜின் மனைவி. பாக்கெட்டில் அந்த அம்மாவின் முகம்தான் இருக்கும். நெற்றி நிறையக் குங்குமப் பொட்டு, தலையில் மல்லிகைப்பூ, சிரிப்பு. பெங்களூர்க் கம்பெனி ஒன்று பங்குக்கு வருகிறதாம். முதல் போடுகிறார்கள், பெரிய கடைகளில் எல்லாம் பொடியை வைக்கிறார்கள். அவர்கள் தரப்பு வக்கீல் காகிதங்கள் அனுப்பியிருக்கிறார், நம் தரப்புக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்றார் செல்வராஜ். நல்ல மனிதர். கூச்சப்பட்டுப் பேசினார். தங்கவேலு போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சார் சொன்ன வழக்கப்படி மறுநாள் அவர்கள் இடத்துக்குப் போனேன். மிளகாய் வறுக்கிற நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. வாணலியடியில் நின்று வேலையாட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் பூங்கொடி. சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. நானாகப் போய் வணக்கம் சொன்னேன். பார்ட்னர்கள் யார் என்று செல்வராஜிடம் கேட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான். பூங்கொடி இல்லையா என்றேன். அவள் வீட்டு ஆள்தானே என்றார்.

எனக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கவேண்டியதைக் கேட்டேன். பூங்கொடி என்கிற பெயரும் அந்த முகமும் யாருடையது? நாளைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரிந்தால் அது யாரோடு போகும்? செல்வராஜ் இல்லாமல் போனால் பூங்கொடியின் நிலைமை என்ன? அவரால் தனியாகப் பொடி அரைத்து விற்க முடியுமா, முடியாதா?

வாணலியடியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பூங்கொடி என்னைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். செல்வராஜுக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்து நின்றுவிட்டார்.

“நல்ல காரியத்துக்குத்தானுங்க உங்களக் கூப்பிட்டோம். சுமங்கலிப் பொம்பள நிக்கறா. இப்பிடி வாய் கூசாமக் கேக்கறீங்களே மேடம்.”

இதைக் கேட்கத்தான் நீங்கள் எனக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னேன். காதில் ஏறவில்லை. தங்கவேலு அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான். நான் ஆட்டோவில் ஏறும்போது அவன் கன்னடத்தில் யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்வதும் கேட்டது. கொஞ்ச நாளில் மார்க்கெட் முழுக்க எனக்குக் கருநாக்கு வக்கீல் என்று பெயராகிவிட்டது. சொன்னது பலித்துவிடும், வீட்டுப் படி ஏற்றாதீர்கள் என்று. அதிலிருந்து கொஞ்ச காலம் மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்சிக்காரரும் வரவில்லை. நான் ஒன்றும் அழுதுவிடவில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவன் என்னிடம் வரமாட்டான் என்பது முன்கூட்டியே தெரிந்துபோனதில் எனக்கு லாபம்தான்.

இதில் எங்கள் கிறிஸ்தவ ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் பேக்கரிக் கிளை திறக்க என்னிடம் வந்தார். பங்காளி ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஜெபம் பண்ணித்தானே சேர்ந்திருக்கிறோம் சிஸ்டர் என்றார். அந்தப் பங்காளியும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஓடிப்போனான்.

அண்ணன் தம்பி பிறகு யாரைப் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். கோர்ட்டு வட்டாரத்தில் அவருக்குச் சிங்கம் என்று பெயர், அந்தப் பெயரை அவரே பரப்பிவிட்டார் என்றும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு அடிதடியில் தங்கவேலுவை ஜாமீனில் எடுத்தவர். ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர் கம்பெனி ஒப்பந்தமும் பார்ப்பார் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்றால், பல் பிடுங்கினவரே கண் ஆபரேஷனும் செய்வார் என்று நம்புகிற மாதிரிதான். சிங்கம் பழத்தட்டை வாங்கிக்கொண்டு, எல்லாம் நல்லதே நடக்கும், ராஜயோகம் என்றாராம். அந்த வாய்தான் வேண்டும் என்று இவர்களும் உச்சி குளிர்ந்து போனார்கள்.

கையெழுத்துப் போட்ட கதையைப் பூங்கொடி பின்னால் எனக்குச் சொன்னார். ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். பெங்களூர்க்காரர்கள் திருத்திய காகிதத்தை அன்று காலையில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டு கனமாக இருந்திருக்கிறது. படிக்க உட்கார்ந்தால் ராகு காலம் பிறந்துவிடும். சிங்கம் நான்கைந்து பக்கம் புரட்டினார், ஸ்டாண்டர்டு பார்ம்தான், நேரம் போகிறது, போடுங்கள் என்றார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அண்ணனும் தம்பியும் போட்டார்கள். அப்புறம் ஒரு காகிதத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு தங்கவேலு அடுப்படிக்குப் போயிருக்கிறான். அண்ணி இதில் ஒன்று போடுங்கள் என்றிருக்கிறான். கையில் பாயசக் கரண்டி. இடது கையில் கரண்டியை மாற்றிக்கொண்டு பூங்கொடி போட்டிருக்கிறார்.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மிளகாயில் ஒரு கல் இருந்தால் கண்டுபிடித்துத் தூக்கிப்போடுகிற வீடு அது.

அதற்கப்புறம் பூங்கொடி மசாலா ஊரெங்கும் பறந்தது. பஸ்ஸின் முதுகில் அந்த அம்மா சிரித்தார். சாமராஜநகர் போனாலும் சிரித்தார், பாலாறு செக்போஸ்ட்டில் டீ குடிக்க இறங்கினாலும் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிச் சிரித்தார். அந்தச் சமயத்தில்தான் செல்வராஜ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். நல்ல மனுஷன். நான் கேட்ட கேள்விக்காக என்மேல் கோபப்பட்டார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. துக்கத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். நான் போனால் என்ன பேசுவார்கள் என்பது தெரியும் என்பதால் போகவில்லை.

வருஷம் திரும்பியதும் கம்பெனி புது யூனிட் திறந்தது. கட்டடத்தின் நெற்றியில் பூங்கொடியின் முகம் ஆள் உயரத்துக்குப் பொட்டும் பூவுமாக நிற்கிறது. அதற்குக் கீழே விளக்கேற்ற, மேலே இருக்கிற முகத்துக்கு உரியவரை விடவில்லை. தாலி அறுத்தவள் முதல் விளக்கு ஏற்றக்கூடாது என்று தங்கவேலு ஆள் விட்டுச் சொல்லி, பின்பக்க அறையில் உட்கார வைத்துவிட்டான். அவன் மனைவி ஏற்றினாள். படத்தில் இருந்தால் லட்சுமி, நேரில் வந்தால் அபசகுனம். அன்றைக்கே சாவிக்கொத்தை அந்த அறை மேஜையில் வைத்துவிட்டுப் பூங்கொடி வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கூட வேலை செய்த இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொடி அரைத்தார். பூங்கொடி கைப்பொடி என்று பெயர் போட்டு அக்கம்பக்கத்துக் கடைகளில் கொடுத்தார். உடனே நோட்டீஸ் வந்தது. அந்தப் பெயரில் பொடி விற்கக்கூடாது. அது மட்டும் இல்லை, எந்தப் பெயரிலும் மசாலாத் தொழிலே செய்யக்கூடாது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வந்த இடம் என் மாடி.

வெறும் நெற்றியோடு வந்து உட்கார்ந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, தினமும் பாக்கெட்டில் பார்க்கிற முகம்தான். நான் பேசுவதற்கு முன் அவரே சொன்னார்.

“நீங்க கேட்டதுலதான் அவரு போயிட்டாருன்னு எங்கூட்ல சொல்றாங்க.”

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கேள்வி கேட்டா ஆளு செத்துருவாங்களாங்க? அப்பிடின்னா டாக்டருங்க கேக்கற கேள்விக்கு ஊருல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க.”

காபி வரவழைத்தேன். குடித்து முடிக்கும்வரை காகிதத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். இரண்டு நாள் வேறு வேலை பார்க்காமல் அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. செல்வராஜ் இறந்தால் பெயர் கம்பெனிக்கு. அண்ணன் தம்பி பிரிந்தால் பெயர் கம்பெனிக்கு. பூங்கொடி விலகினால் பெயர், முகம், பொடியின் பக்குவம் எல்லாம் கம்பெனிக்கு, அவர் எங்கேயும் இந்தத் தொழில் செய்யக்கூடாது. அடுப்படியில் போட்ட கையெழுத்து இதற்குத்தான். நான் வாசலில் உட்கார்ந்து கேட்ட அத்தனை கேள்வியையும் யாரோ ஒருத்தர் ஒன்றுவிடாமல் கேட்டு, ஒன்றுவிடாமல் பதில் எழுதியிருக்கிறார். அபசகுனம் பேசத்தான் பேசியிருக்கிறார்கள். பேசினவர் இவர்கள் பக்கத்து ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டில் கம்பெனி இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. வாடகை வீட்டில் மெஷின் நின்றது. கூட வந்த இரண்டு பெண்களும் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருந்தது. ஒரு ஆள் தன் சொந்தப் பெயரை நாணயமாகப் பயன்படுத்துவதைச் சுலபமாகத் தடுக்க முடியாது. பிழைப்பையே செய்யாதே என்று எழுதி வாங்குவதும் பெரும்பாலும் செல்லாது. ஆனால் அதைச் சொல்லி ஜெயித்துக்கொண்டு வருவதற்குள் பூங்கொடிக்குக் கை தளர்ந்து போயிருக்கும். பொடி அரைக்க வேண்டும், அதற்கு என்ன வழி என்றுதான் அவர் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார், போனோம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெங்களூர்க் கம்பெனி மேனேஜர், அவர்களுடைய வக்கீல், தங்கவேலு, தங்கவேலுவுக்குத் துணையாக நம் சிங்கம். கர்ஜிக்கிற இடம் இது இல்லை என்பதால் சிங்கம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கம்பெனி வக்கீல் ஒரு இளம்பெண். அளவாகப் பேசினாள், பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கம்பெனி ஒரு யோசனை வைத்தது. பூங்கொடிக்கு மாதாமாதம் ஒரு தொகை தருவார்களாம். பொடி அரைக்க வேண்டாமாம். புதுக் கடைகள் திறக்கும்போதும் விளம்பரப் படம் எடுக்கும்போதும் பாக்கெட்டில் இருக்கிற மாதிரியே பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு வந்து நின்றால் போதுமாம். மேக்கப் ஆள் பார்த்துக்கொள்வார் என்றார் மேனேஜர். எனக்கு அவரைவிடத் தங்கவேலுவைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணியை விளக்கருகே விடாதவன், அண்ணிக்குப் பொட்டு வைத்துக் கூட்டிப்போகும் யோசனைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சாஸ்திரமும் சம்பாத்தியமும் அவனுக்குள் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்தின.

பூங்கொடி என் காதருகே குனிந்தார்.

“பேரு அவங்களே வெச்சுக்கட்டுங்க மேடம். பொட்டு வெச்ச மூஞ்சியும் அவங்களுக்கே. அது அவரு இருந்தப்ப எடுத்தது. இப்ப இருக்கற மூஞ்சிய யாரும் எழுதி வாங்குலியே?”

எனக்குப் புரிந்தது. ஒப்பந்தத்தில் இணைப்பாக வைத்திருந்தது ஒரு படம்தான், அந்தப் பொட்டும் பூவும் வைத்த படம். ஆனால் ஷரத்து பூங்கொடியின் எந்த உருவமும் என்றல்லவா சொல்கிறது. அதை அந்த ஒரு படத்தோடு நிறுத்தினால் போதும். நான் எழுந்து எங்கள் தரப்பைச் சொன்னேன். பெயரை விட்டுவிடுகிறோம், இணைப்பில் உள்ள படத்தை விட்டுவிடுகிறோம், மாதாமாதம் ஒன்றும் வேண்டாம். பொடி அரைக்கவும் விற்கவும் தடை கூடாது. இப்போதைய தோற்றத்தில் எடுத்த படத்தைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று எழுத வேண்டும்.

அந்த இளம் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு மட்டும் உறைத்தது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு இது வேண்டாம் என்றாள், அறைக்கு வெளியே அவள் குரல் இரண்டு தடவை கேட்டது. அவரோ திரும்பி வந்து, பொட்டில்லாத படமா என்று இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டார், லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தங்கவேலு வாய்விட்டே சிரித்தான்.

“போட்டுக்கட்டும் விடுங்க சார். அந்த மூஞ்சியப் பாத்து யாரு குழம்புக்குப் பொடி வாங்குவா?”

சிங்கமும் ஆமாம் ஆமாம் என்றார். பேசின பேச்சை அவர்கள் மனசு மாறுவதற்குள் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கடைசியிலிருந்து எழுதினேன். எழுதி முடித்ததும் எதிராளியாக மாறி ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ஓட்டை இரண்டு இருந்தது, அடைத்தேன். தங்கவேலு கடிகாரத்தைப் பார்த்து, எமகண்டம் வருகிறது, சீக்கிரம் என்று அவசரப்படுத்தினான். பூங்கொடி அசையவில்லை. என்னைத் தமிழில் சொல்லச் சொல்லி முழுவதையும் கேட்டுவிட்டு, எமகண்டம் பிறந்த பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எதிர்த்தரப்பில் எல்லாரும் அதற்கு முன்பே போட்டு முடித்திருந்தார்கள்.

இப்போது மார்க்கெட்டில் மளிகைக் கடைகளில் பாருங்கள். ஒரு தட்டில் பூங்கொடி மசாலா இருக்கும். பக்கத்துத் தட்டில் ஹனூர் கைப்பொடி இருக்கும். அதில் ஒரு அம்மா சிரிக்காமல் நேராகப் பார்ப்பார். வெறும் நெற்றி, காதில் கம்மல் இல்லை, தலையில் நரை. ஆரம்பத்தில் கடைக்காரர்களே முன்வரிசையில் வைக்கத் தயங்கினார்களாம். வாங்குகிற பெண்கள்தான் கேட்டு எடுத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் விளக்கேற்றும்போது பின்னறைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று தங்கவேலுவுக்கு யோசனை போகவில்லை. எனக்கும் போகவில்லை, பூங்கொடிக்குத்தான் போயிருக்கிறது. தங்கவேலு இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை என்று கேள்வி. அவனையும் கழற்றிவிட அதே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. நான் அப்போதே படித்திருந்தேன். சொல்வதற்கு அவன் என் கட்சிக்காரன் இல்லை.

நான் ஆபீசை மூடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் பூங்கொடி இன்னொரு தடவை மாடி ஏறி வந்தார். ராகு காலத்தில்தான் வருவார், அந்த நேரத்தில்தான் வக்கீல் ஆபீஸ் காலியாக இருக்கிறது என்பார். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். தொழில் பெரிதாகிறது, இவர்களையும் பங்குக்குச் சேர்க்க வேண்டும், எங்களுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்றார். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மற்ற இரண்டு பெண்களுக்கும் சின்ன வயசு, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. எத்தனை வருஷம் கேட்டுப் பழகின கேள்வி. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் என் வாய் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டது. ஊர் நன்றாக இருக்கிறதா, மழை உண்டா என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

பூங்கொடி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மழையெல்லாம் இருக்கட்டும் மேடம். எங்கள்ல மொதல்ல யாரு சாவாங்கன்னு கேளுங்க. நீங்க கேக்கலீன்னா நாங்க வேற வக்கீலப் பாத்துக்கறோம்.”